இலவு காத்த உயிர்

சென்னைக்குத் தெற்கே, கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு பயிற்சி நிலையத்தின் நீச்சல் குளம். ஆழமான முனையில் ஒரு மாடி உயரத்துக்கு இரும்பு மேடை போட்டிருக்கிறார்கள். மேடையின் விளிம்பில் என் அக்கா மகன் நிற்கிறான். பத்தொன்பது வயது. ஊர் திருச்செந்தூர்ப் பக்கம்தான். ஆனாலும் முழங்காலுக்கு மேல் கடலில் இறங்கியதில்லை. உடம்பில் முழு பாய்லர் சூட், அதன் மேல் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட், இடுப்பில் இறுக்கிய பட்டி. கால் நடுங்குவது கீழே நிற்கும் எனக்கே தெரிகிறது.

பக்கத்தில் நிற்கும் பயிற்றுநர் முப்பது வருடம் கப்பலில் இருந்தவர். கப்பல் தளத்து ஆட்களுக்குத் தலைவரான சாரங்காக ஓய்வு பெற்றவர்.

"தம்பி, கீழ பாக்காத. நேரா அந்தச் சுவத்தப் பாரு. ஒரு கை மூக்கையும் வாயையும் பொத்தணும். இன்னொரு கை குறுக்க வந்து ஜாக்கெட்ட அமுக்கிப் பிடிக்கணும். குதிக்காத. ஒரு அடி எடுத்து வை, அவ்வளவுதான்."

"சார், பட்டிதான் கட்டியிருக்கே, எதுக்கு சார் பிடிக்கணும்?"

"பிடிக்கலன்னா நீ கீழ போவ, அது மேல வரும். நடுவுல உன் தாடை இருக்கு."

அவன் பிடித்தான். ஒரு அடி எடுத்து வைத்தான். தண்ணீர் பிளந்து மூடியது. இரண்டு நொடியில் ஆரஞ்சு நிறம் மேலே வந்தது. அதன் நடுவில் இருமிக்கொண்டே ஒரு முகம், வானத்தைப் பார்த்தபடி.

அந்த இரண்டு நொடியைத்தான் நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். முகம் வானத்தைப் பார்த்து வந்தது தற்செயல் இல்லை. அப்படி வரவைக்க நூற்றைம்பது ஆண்டுகள் பிடித்தன. மரப்பட்டை, பஞ்சு, காட்டுச்செடி, மயங்கிக் கிடந்த ஒரு மருத்துவர், மூழ்கிப் போன ஆயிரக்கணக்கானவர்கள் எல்லாரும் சேர்ந்துதான் அந்த ஆரஞ்சு அங்கியைத் தைத்திருக்கிறார்கள். அதன் கதையை ஒருமுறை முழுதாகச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

மிதக்கும் பொருளைப் பிடித்துக்கொண்டால் பிழைக்கலாம் என்பது மனிதனுக்கு எப்போதோ தெரியும். மரம் மூழ்காது என்ற ஒரே நம்பிக்கையில் கட்டப்பட்டதுதான் நம் கட்டுமரம். ஆனால் பிடித்துக்கொள்வதற்குக் கையில் வலு வேண்டும். குளிரும் களைப்பும் முதலில் பறிப்பதும் அந்த வலுவைத்தான். மிதப்பை உடம்போடு கட்டிவிட்டால், கை ஓய்ந்த பிறகும் உயிர் மிதக்கும். இந்த எண்ணத்துக்கு ஒழுங்கான உருவம் கொடுத்தவர் பிரிட்டனின் உயிர்காப்புப் படகு நிறுவனத்தில் ஆய்வாளராக இருந்த கேப்டன் ஜான் ராஸ் வார்டு. 1854-இல் அவர் வடிவமைத்தது தக்கை அங்கி. கித்தான் துணியில் தக்கைக் கட்டைகளை ஒடுக்கமாக நறுக்கி வரிசையாகத் தைத்திருந்தார். துடுப்பு வலிப்பவன் குனியவும் நிமிரவும் முடிய வேண்டும் என்பதற்காகத்தான் சின்னச் சின்னக் கட்டைகள். இந்தத் தக்கை ஒருவகைக் கருவாலி மரத்தின் பட்டை. மரத்தை வெட்டாமல் ஏறத்தாழ ஒன்பது வருடத்துக்கு ஒருமுறை உரித்தெடுக்கிறார்கள். போர்ச்சுகல் அதற்குப் பேர்போன நாடு.

செய்து கொடுத்தால் போதுமா? போட வேண்டுமே. 1861 பிப்ரவரி 9 அன்று இங்கிலாந்தின் விட்பி துறைமுகத்தில் புயல். உயிர்காப்புப் படகு அன்று பலமுறை கடலுக்குள் போய், உடைந்த கப்பல்களிலிருந்து ஆட்களைக் கரை சேர்த்தது. கடைசியாகப் போனபோது கவிழ்ந்தது. படகில் 13 பேர், செத்தவர்கள் 12. மிஞ்சியவர் பெயர் ஹென்றி ஃப்ரீமன். புதிய தக்கை அங்கியைப் போட்டிருந்தவர் அவர் ஒருவர்தான். உயிர்காப்புப் படகில் அவருக்கு அதுதான் முதல் நாள் என்கிறார்கள். அங்கியின் அருமையை அந்த ஒரு உயிர் காட்டிவிட்டது. ஃப்ரீமன் பின்னாளில் அதே ஊர்ப் படகுக்குத் தலைவரானார். தக்கை அங்கியுடன் அவர் நிற்கும் புகைப்படம் இன்றும் இருக்கிறது.

அடுத்த கட்டத்தை எழுதும்போது கை கூசுகிறது. 1904 ஜூன் 15. நியூயார்க்கின் ஈஸ்ட் ஆற்றில் ஜெனரல் ஸ்லோகம் என்ற நீராவிக் கப்பல். ஒரு தேவாலயத்தின் வருடாந்தரச் சுற்றுலா. ஏறியவர்கள் பெரும்பாலும் ஜெர்மானியக் குடும்பங்களின் பெண்களும் குழந்தைகளும். வழியில் தீப்பிடித்தது. தலைக்கு மேலே வரிசையாக லைஃப் ஜாக்கெட்டுகள் இருந்தன, எண்ணிக்கையில் குறைவில்லை. ஆனால் கப்பல் கட்டிய காலத்திலிருந்து பதின்மூன்று ஆண்டுகளாக அவை வெயிலிலும் ஈரத்திலும் தொங்கிக் கிடந்தவை. இழுத்ததும் கித்தான் கிழிந்தது. உள்ளிருந்த தக்கை தூளாகக் கொட்டியது. அம்மாக்கள் தங்கள் குழந்தைகளுக்கு அந்த அங்கியைக் கட்டி, பிழைத்துக்கொள்ளட்டும் என்று தண்ணீரில் போட்டார்கள். குழந்தைகள் நேராகக் கீழே போனார்கள். அன்றைக்கு இறந்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல்.

விசாரணைக் காலத்தில் இன்னொன்றும் வெளியே வந்தது. ஒரு ஜாக்கெட்டில் குறைந்தது ஆறு பவுண்டு நல்ல தக்கை இருக்க வேண்டும் என்பது சட்டம். தக்கை தயாரித்த ஒரு கம்பெனி, எடையைச் சரிக்கட்ட உள்ளே இரும்புத் துண்டு வைத்திருந்ததாக அதன் நிர்வாகிகள் மேல் வழக்கு வந்தது. உயிர் காக்கும் அங்கிக்குள் இரும்பு. கப்பலில் இருக்கும் ஒரு பொருள் கண்ணில் படுவது வேறு, வேலை செய்யும் நிலையில் இருப்பது வேறு என்ற பாடத்தைக் கடல் உலகம் இவ்வளவு பெரிய விலை கொடுத்துப் படித்தது. இன்றைக்கு எந்தப் பயிற்சி வகுப்பிலும் ஜாக்கெட்டைக் கையில் கொடுத்ததும் முதலில் மாட்டச் சொல்வதில்லை. பட்டியை இழுத்துப் பார், தையலைப் பார், விளக்கின் தேதியைப் பார், விசில் கயிற்றில் இருக்கிறதா பார் என்கிறார்கள். அந்தச் சாரங்கும் அதையேதான் செய்யவைத்தார். பையன்கள் சலித்துக்கொண்டே பார்த்தார்கள். ஸ்லோகம் கதையைச் சொல்லியிருந்தால் சலித்திருக்க மாட்டார்கள்.

டைட்டானிக் கதை எல்லாருக்கும் தெரியும். படகு போதவில்லை என்பதும் தெரியும். அதே கப்பலில் 3,560 லைஃப் ஜாக்கெட்டுகள் இருந்தன என்பது பலருக்குத் தெரியாது. ஏறியிருந்த இரண்டாயிரத்துச் சொச்சம் பேருக்கும் கட்டியது போக மிச்சம். 1912 ஏப்ரல் 15 விடிகாலையில் வட அட்லாண்டிக்கில் அங்கியோடு மிதந்தபடி இறந்தவர்கள் நூற்றுக்கணக்கில். மூழ்கவில்லை, விறைத்துப் போனார்கள். தண்ணீரின் வெப்பம் சுழியத்துக்கும் கீழே இரண்டு டிகிரி. காற்றை விட ஏறத்தாழ 25 மடங்கு வேகத்தில் தண்ணீர் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். தக்கை மிதக்கவைத்தது, சூட்டைக் காக்க அதனால் முடியவில்லை. அந்தச் சாவுகளின் பேரில் 1914-இல் லண்டனில் கூடி எழுதிய ஒப்பந்தம்தான் 'சோலாஸ்', கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான உலக உடன்படிக்கை. முதல் உலகப்போர் வந்து அதை நடைமுறைக்கு வரவிடாமல் செய்தது. 1929, 1948, 1960, 1974 என்று திரும்பத் திரும்ப எழுதினார்கள். இப்போது கப்பல்கள் கட்டுப்படுவது 1974-ஆம் ஆண்டு உடன்படிக்கைக்கு.

தக்கைக்கு இன்னொரு குற்றமும் உண்டு, அது கடினமானது. உயரத்திலிருந்து தண்ணீரில் விழும்போது உடம்பு கீழே போக, அங்கி மேலே எகிறி, தக்கைக் கட்டை தாடையில் இடிக்கும். கழுத்தே முறியலாம். "அமுக்கிப் பிடி" என்று சாரங்கு சொன்னதன் வேர் அங்கேதான்.

இனி வருவது நம் வீட்டுக் கதை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தக்கையின் இடத்தைப் பிடித்தது இலவம்பஞ்சு. ஆமாம், போடிநாயக்கனூர்ப் பக்கத்து இலவம்பஞ்சுதான். ஆங்கிலத்தில் 'கப்போக்' என்பார்கள். நம் வீட்டில் தலையணையும் மெத்தையும் ஆன அதே பஞ்சு, கடலில் மாலுமியின் நெஞ்சில் ஏறியது. ஒரு இழையைக் கையில் எடுத்துப் பாருங்கள். பிடித்த மாதிரியே இருக்காது. உள்ளே குழல் போலக் காலி, முழுக்கக் காற்று. வெளியே மெழுகு பூசியது போன்ற வழுவழுப்பு; தண்ணீர் ஒட்டாது. நூலாக நூற்கத் தோதில்லாத இதே குணம்தான் அதை மிதக்கவைக்கிறது. பருத்திப் பஞ்சைத் தண்ணீரில் போட்டால் குடித்துவிட்டு மூழ்கும். இலவம்பஞ்சு குடிக்காது. இலவு காத்த கிளி ஏமாந்தது என்று காலம் காலமாகச் சொல்லி வருகிறோம். பழுக்கும் என்று காத்திருந்த கிளிக்குப் பஞ்சுதான் கிடைத்தது. அந்தப் பஞ்சைக் கட்டிக்கொண்டு கடலில் விழுந்தவன் ஏமாறவில்லை.

உலகச் சந்தைக்கு இந்தப் பஞ்சு பெரும்பாலும் ஜாவாத் தீவிலிருந்து போனது. 1942-இல் ஜப்பான் ஜாவாவைப் பிடித்தது, வழி அடைபட்டது. அமெரிக்கக் கடற்படை மாற்றுத் தேடியபோது கிடைத்தது வேலியோரத்தில் தானாக முளைக்கும் ஒரு பால்செடி. நம் எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்தது அது. காய் வெடித்தால் எருக்கம்பஞ்சு போலவே விதையோடு பட்டு இழை பறக்கும். அந்த இழையும் காலியான குழல், அதற்கும் மெழுகுப் பூச்சு. 1944-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சாலையோரமாக நடந்து நடந்து காய் பறித்தார்கள். வெங்காயச் சாக்குகளில் நிரப்பி, காய வேலிக்கம்பியில் தொங்கவிட்டார்கள். இரண்டு சாக்கு காய், ஒரு லைஃப் ஜாக்கெட். மிச்சிகன் மாநிலத்தின் பெட்டோஸ்கி என்ற ஊரில் அந்தக் காய்களைப் பிரித்துப் பஞ்செடுக்கும் ஆலை இயங்கியது. பத்து வயதுப் பிள்ளை பறித்த காய் எங்கோ ஒரு மாலுமியின் மூச்சாக ஆகியிருக்கும். அது யாருடைய மூச்சு என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

அதே போர்க்காலத்தில்தான் அங்கியின் மறுபாதியான பயிற்சியும் பிறந்தது. குண்டு வெடித்து மூழ்கும் வணிகக் கப்பல்களில் ஒரு விசித்திரம் தெரிந்தது. படகில் ஏறிய பிறகு வலுவான இளைஞர்கள் சாகிறார்கள். வயதான மாலுமிகள் தாக்குப்பிடிக்கிறார்கள். புளூ ஃபன்னல் கப்பல் நிறுவனத்தின் லாரன்ஸ் ஹோல்ட்டை இது உறுத்தியது. உடம்பு வலு போதாது, கஷ்டத்தைப் பழகிய மனம் வேண்டும் என்று அவரும் கல்வியாளர் கூர்ட் ஹானும் சேர்ந்து 1941-இல் வேல்ஸ் நாட்டின் அபர்டோவி கடற்கரையில் ஒரு பள்ளி தொடங்கினார்கள். 'அவுட்வர்ட் பவுண்ட்' என்ற பெயரில் இன்று உலகம் முழுக்க நடக்கும் பள்ளிகளுக்கு அதுதான் தாய். போர் முடிந்ததும் பிரிட்டிஷ் கடற்படை கணக்கெடுத்துப் பார்த்தது. கப்பலோடு செத்தவர்களை விட, கப்பலை விட்டு இறங்கிய பிறகு தண்ணீரிலும் மிதவைகளிலும் செத்தவர்கள்தான் அதிகம் என்று 1946-இல் தெரியவந்தது. சாவு கப்பலில் இல்லை. கப்பலுக்குப் பிறகு வரும் மணி நேரங்களில் இருந்தது.

அந்த மணி நேரங்களை நாட்களாக்கி, நாட்களை மாதங்களாக்கி வென்றவர் ஒருவர் உண்டு. பூன் லிம் என்ற சீன இளைஞர், பென்லோமண்ட் என்ற பிரிட்டிஷ் கப்பலில் பணியாள். 1942 நவம்பர் 23 அன்று நீர்மூழ்கி அடித்த டார்பிடோவில் கப்பல் அட்லாண்டிக்கில் மூழ்கியது. லைஃப் ஜாக்கெட்டோடு குதித்தார். நீச்சலில் தேர்ந்தவர் இல்லை. ஒன்றிரண்டு மணி நேரம் மிதந்த பிறகு கப்பலின் மரத்தெப்பம் ஒன்று கண்ணில் பட்டது. அதில் கொஞ்சம் பிஸ்கட்டும் கொஞ்சம் தண்ணீரும் இருந்தன. தீர்ந்த பிறகு, லைஃப் ஜாக்கெட்டின் கித்தானை விரித்து மழைநீர் பிடித்தார். டார்ச் விளக்கின் கம்பியைப் பிரித்துத் தூண்டில்முள் செய்தார். அலையில் தூக்கி எறியப்பட்டுவிடக் கூடாது என்று மணிக்கட்டில் கயிறு கட்டித் தெப்பத்தோடு பிணைத்துக்கொண்டார். 133 நாட்கள். பிரேசில் கரையோரம் மீனவர்கள் தூக்கியபோது அவரால் தானாக நடக்க முடிந்தது. அங்கி அவரை இரண்டு மணி நேரம் மிதக்கவைத்தது. மிச்ச நாளெல்லாம் அவருக்குத் தண்ணீர்ப் பாத்திரமாக இருந்தது. ஒரு பொருளை அதன் பெயருக்கு வெளியே பார்க்கத் தெரிந்த புத்தி அது.

இப்போது முகம் வானத்தைப் பார்த்த விஷயத்துக்கு வருகிறேன். பழைய அங்கிகள் உடம்பை மிதக்கவைத்தன. முகத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை. நினைவிழந்து விழுபவன் குப்புற மிதந்தால் அங்கி இருந்தும் பயன் இல்லை. இதைச் சோதிப்பது எப்படி? நினைவோடு இருப்பவன் தன்னை அறியாமல் தலையை நிமிர்த்திவிடுவான். பிரிட்டிஷ் விமானப்படையில் பணியாற்றிய எட்கர் பாஸ்க் என்ற மயக்க மருந்து நிபுணர் தன் உடம்பையே கொடுத்தார். அவருக்கு முழு மயக்கம் கொடுத்து, தொண்டையில் சுவாசக் குழாய் பொருத்தி, வெவ்வேறு ஜாக்கெட்டுகளை மாட்டி, நீச்சல் குளத்தில் போட்டார்கள். மயக்கம் கொடுத்தவர் ஆக்ஸ்ஃபோர்டுப் பேராசிரியர் ராபர்ட் மக்கின்டாஷ். எந்த ஜாக்கெட் அவரைக் குப்புறக் கவிழ்க்கிறது, எது மல்லாத்துகிறது, எது தலையைத் தொங்கவிடுகிறது என்று கரையில் நின்று குறித்துக்கொண்டார்கள். ஒரு தடவை இல்லை, பல தடவை. விமானமே ஓட்டாமல் விமானப்படையில் இருந்தவர்களில் மிகத் துணிச்சலானவர் என்று அவரைப் பற்றிப் பிறகு சொன்னார்கள். மூச்சுப் போகும் பாதை தண்ணீருக்கு மேலே இருக்க வேண்டும் என்பது அதற்குப் பின் வந்த எல்லா வடிவமைப்புக்கும் முதல் விதியானது.

போருக்குப் பின் பஞ்சு போய் ஃபோம் வந்தது. இலவம்பஞ்சு எண்ணெயில் நனைந்தால் மிதப்பை இழந்துவிடும், தீயும் சட்டென்று பற்றும். கப்பல் உடையும் இடத்தில் இந்த இரண்டும்தானே முதலில் இருக்கும். ஃபோம் குடிக்காது, நசுங்கினால் நிமிரும். இன்று கப்பலில் ஏறும் ஜாக்கெட் என்ன தேர்வெழுதி வருகிறது என்று பார்த்தால் மேலே சொன்ன கதைகள் ஒவ்வொன்றும் ஒரு எண்ணாக மாறியிருப்பது தெரியும். முன்பின் பார்த்திராத நூறு பேரிடம் கொடுத்தால் 75 பேராவது யார் உதவியும் இல்லாமல் ஒரு நிமிடத்தில் சரியாக மாட்ட வேண்டும். 4.5 மீட்டர் உயரத்திலிருந்து அதைப் பிடித்துக்கொண்டு குதித்தால் காயம் படக் கூடாது, அங்கி கழன்றுவிடவும் கூடாது. குப்புறக் கிடப்பவனைச் சில நொடிகளில் மல்லாத்த வேண்டும். இது பாஸ்க் கொடுத்த வரம். 24 மணி நேரம் தண்ணீரில் ஊறினாலும் மிதப்பு 5 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. இரண்டு நொடி தீக்குள் மூழ்கி எழுந்தால் எரிந்துகொண்டிருக்கக் கூடாது. அதிலுள்ள விளக்கு எட்டு மணி நேரமாவது எரிய வேண்டும்.

இவ்வளவு தேறிவந்த அங்கியும் போடத் தெரியாதவன் கையில் வெறும் மூட்டைதான். 1994 செப்டம்பரில் பால்டிக் கடலில் மூழ்கிய எஸ்டோனியா கப்பலில் 852 பேர் இறந்தார்கள். பட்டியை எங்கே கட்டுவது என்று தெரியாமல் இருட்டில் தடுமாறியவர்கள் உண்டு; தண்ணீரில் விழுந்ததும் அங்கி கழன்று போனவர்களும் உண்டு. 2014 ஏப்ரல் 16-இல் தென்கொரியாவின் செவோல் கப்பல் சாய்ந்தபோது நடந்தது இதற்கு நேர் எதிர். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒழுங்காக அங்கி மாட்டிக்கொண்டார்கள். இருக்கும் இடத்திலேயே இருங்கள் என்று ஒலிபெருக்கி சொன்னது. சொன்னபடி கேட்டு அறையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். இறந்தவர்கள் 304 பேர், அதில் 250 பேர் மாணவர்கள். தண்ணீர் நிறைந்த அறைக்குள் லைஃப் ஜாக்கெட் ஆளைக் கூரையோடு ஒட்டவைக்கும். முங்கிக் கதவு வழியே வெளியேற விடாது. எப்போது போடுவது, போட்டுக்கொண்டு எங்கே நிற்பது, எப்போது இறங்குவது என்பதெல்லாம் அங்கிக்குத் தெரியாது. அது மனிதர் தெரிந்துகொள்ள வேண்டியது.

அதற்காகத்தான் அந்தக் குளம். மாலுமிகளின் பயிற்சிக்கும் தகுதிச் சான்றுக்குமான உலக உடன்படிக்கை 1978-இல் வந்தது. 1995-இல் அடியோடு திருத்தினார்கள், 2010-இல் மணிலாவில் மறுபடியும். கேப்டனாக இருந்தாலும் சமையல்காரராக இருந்தாலும் கப்பலில் பொறுப்புள்ள யாரும் அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி முடிக்காமல் வேலைக்கு ஏற முடியாது. அதில் முதல் பாடம் தன்னுயிர் காக்கும் முறைகள். பையன்கள் சுருக்கமாக 'பி.எஸ்.டி.' என்கிறார்கள். ஒரு முறை படித்துவிட்டால் முடிந்தது என்றும் இல்லை. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை தகுதி குறையவில்லை என்று நிரூபிக்க வேண்டும். கப்பலிலும் மாதம் ஒரு முறை எல்லாரும் அங்கி மாட்டிக் கூடுமிடத்துக்கு வந்து நிற்க வேண்டும்.

அன்று பிற்பகல் கவிழ்ந்த லைஃப் ராஃப்ட்டை நிமிர்த்தும் பாடம். நான் அன்று பார்த்ததில் மனதை விட்டுப் போகாதது அதுதான். காற்றடைத்த பெரிய கறுப்பு வட்டம் தலைகீழாகக் கிடக்கிறது. அதன் ஓரத்தில் வாயு உருளை இருக்கும் பக்கத்தை மருமகன் தேடிப் பிடித்தான். அங்கே ஏறி நின்றான். அடிப்பக்கத்தில் குறுக்கே ஓடும் பட்டியை இரு கையாலும் பற்றினான். கால்களை உருளை மேல் ஊன்றி, உடம்பு முழுவதையும் பின்னால் சாய்த்தான். முதலில் அசையவில்லை. அவன் எடையே ஐம்பத்தைந்து கிலோதான்.

"காத்து எந்தப் பக்கம்னு பாத்தியா?" என்றார் சாரங்கு கரையிலிருந்து.

"முதுகுல அடிக்குது சார்."

"அப்ப தப்பான பக்கம் நிக்கிற. ராஃப்ட்டத் திருப்பு. காத்து எதிர்ல வரணும். நீ தூக்கினதும் அடில புகுந்து அது தூக்கிக் குடுக்கும்."

திருப்பினான். மறுபடி சாய்ந்தான். எதிர்ப்புற விளிம்பு எழுந்தது, காற்று அடியில் புகுந்தது, அவ்வளவு பெரிய பொருள் ஒரு பெருமூச்சோடு புரண்டு அவன் மேலேயே விழுந்தது. நான் எழுந்துவிட்டேன். சாரங்கு அசையவில்லை. அடியில் மூச்சு விட இடம் இருக்கும், பயப்படாமல் மல்லாந்தபடியே கையால் தள்ளித் தள்ளி வெளியே வர வேண்டும் என்று காலையிலேயே சொல்லியிருந்தாராம். சற்று நேரத்தில் ஓரத்திலிருந்து ஒரு கை வந்தது, பிறகு ஆரஞ்சு நிறம், பிறகு சிரித்த முகம். காலையில் நடுங்கிய பையன் இவன்தானா என்று இருந்தது.

கரையேறியதும், "மாமா, நீச்சலே தெரியாம இதெல்லாம் பண்ணேன்" என்றான். உண்மைதான். நீந்துவதை விட நீந்தாமல் இருப்பதைத்தான் அங்கே அதிகம் கற்றுக்கொடுக்கிறார்கள். முழங்காலை நெஞ்சோடு மடக்கி, கைகளைக் குறுக்கே கட்டி, உடம்புச் சூட்டைச் சிந்தவிடாமல் சும்மா மித. பலர் இருந்தால் வட்டமாக ஒட்டிக்கொள்ளுங்கள், காயம்பட்டவனை நடுவில் வையுங்கள். ராஃப்ட்டில் ஏறியதும் முதல் 24 மணி நேரம், காயமோ நோயோ இல்லாதவர்களுக்குத் தண்ணீர் இல்லை. கடல் தண்ணீர் எப்போதும் இல்லை. குமட்டல் வருவதற்கு முன்பே மாத்திரையைப் போட்டுக்கொள். வாந்தியில் போகும் தண்ணீரை ராஃப்ட் திருப்பித் தராது.

இந்தப் பயணம் இங்கே முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அந்த அங்கி இன்னும் போய்ச் சேராத இடம் ஒன்று இருக்கிறது. அது நம் கரை.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரிக் கடலில் வீசியபோது, ஆழ்கடலுக்குப் போயிருந்த நம் மீனவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் திரும்பவில்லை. கரையில் ஒலித்த எச்சரிக்கை பல நாள் தூரத்தில் இருந்த படகுகளை எட்டவில்லை. கவிழ்ந்த படகைப் பிடித்தபடி நாட்கணக்கில் கிடந்து பிழைத்தவர்கள் இருக்கிறார்கள். பக்கத்தில் மிதந்தவன் கை ஓய்ந்து நழுவிப் போவதைப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். கை ஓய்ந்து நழுவுவது. 1854-இல் கேப்டன் வார்டு தீர்க்கப் பார்த்ததும் இதைத்தான்.

அரசு கொடுத்தும், சொந்தமாக வாங்கியும் பல விசைப்படகுகளில் லைஃப் ஜாக்கெட் இருக்கத்தான் செய்கிறது. ஒரு படகில் ஏறிப் பார்த்தபோது அது எஞ்சின் அறைக்குப் பக்கத்தில், தலையணையாகக் கிடந்தது. தலையணையிலிருந்து கடலுக்குப் போன பொருள் திரும்பவும் தலையணை ஆகியிருந்தது. மீனவர் மேல் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேலை செய்யும்போது அது வலையில் மாட்டுகிறது, வெயிலில் வேகிறது, குனிய விடுவதில்லை என்கிறார்கள், எல்லாம் உண்மை. தக்கையைச் சின்னச் சின்னக் கட்டையாக வார்டு நறுக்கியது துடுப்பு வலிப்பவன் குனியத்தானே? நம் வலை இழுப்பவன் குனிவதற்குத் தோதாக ஒல்லியான, காற்றோட்டமான அங்கி செய்ய இன்றைய அறிவுக்கு முடியாதா? கப்பலில் சமையல்காரருக்குக்கூடக் கட்டாயமான பயிற்சி, அதைவிட ஆபத்தான தொழில் செய்யும் மீனவருக்கு ஏன் மீன்பிடித் துறைமுகத்திலேயே, ஊதியம் இழக்காமல், கிடைக்கக் கூடாது? மீன்பிடித் தடைக்காலம் ஆண்டுக்கு 61 நாட்கள். படகுகள் கரையில் நிற்கும் அந்த நாட்களில் இரண்டு நாள் போதும்.

அரசு செய்யும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் கடலுக்குப் போகிறவர் இருந்தால், அடுத்த முறை புறப்படும் முன் படகிலுள்ள ஜாக்கெட்டை எடுத்துவரச் சொல்லுங்கள். பட்டியை இழுத்துப் பாருங்கள். தையலைப் பாருங்கள். உங்கள் கண் முன்னால் ஒரு முறை கட்டச் சொல்லுங்கள், கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை. ஒரு நிமிடத்துக்குள் கட்டி முடிக்கும்வரை விடாதீர்கள்.